கொம்புத் தேனீயின் குடித்தனம்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் திருமழிசையை ஒட்டி வருகிறது குத்தம்பாக்கம். சென்னையின் மேற்கு ஓரம் இப்போது இந்த ஊர்வரை வந்து நிற்கிறது. வயலும் ஏரியும் ஒரு பக்கம். புறநகர்ப் பேருந்து முனையம், கிடங்குகள், கல் நட்ட மனைப்பிரிவுகள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே யாரும் கணக்கில் வைக்காத நிலம் கொஞ்சம் கிடக்கிறது. வாய்க்கால் ஓரத்துப் புதர், மேய்க்கால் புறம்போக்கு, பழைய தோட்டத்தின் உயிர்வேலி, வீடு எழும்பாத மனையில் தானாக முளைத்து நிற்கும் கருவேலம். இப்படிப்பட்ட இடங்களில்தான் கொம்புத் தேனீ குடித்தனம் நடத்துகிறது.

தமிழ்நாட்டில் தேன் சேர்க்கும் ஈக்கள் ஐந்து வகை. பாறையிலும் நெடுமரத்திலும் முறம் அகலத்துக்கு அடை கட்டுவது மலைத்தேனீ. மரப்பொந்திலும் கறையான் புற்றிலும் அடுக்கடுக்காக அடை வைப்பது அடுக்குத் தேனீ. சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் நீட்டிக் குடியிருக்கும், கொடுக்கு இல்லாத சின்னஞ்சிறு உயிர் கொசுத்தேனீ. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பெட்டியில் வளர்ப்பது இத்தாலியத் தேனீ. மிச்சமிருப்பது கொம்புத் தேனீ. மலைத்தேனீக்கு அச்சம் கலந்த மரியாதை உண்டு. அடுக்குத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் பயிற்சி வகுப்பும் மானியமும் உண்டு. கொம்புத் தேனீயைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. இத்தனைக்கும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டு வேலியிலேயே பார்த்துவிடக் கூடிய தேனீ இது.

ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான உடல். வயிற்றின் முன்பகுதி செங்காவி நிறம். பின்பகுதி கறுப்பு, அதன் குறுக்கே மெல்லிய வெள்ளை வரிகள். தும்பைப் பூவிலும் துளசிக் கதிரிலும் மொய்க்கும்போது சின்ன ஈ என்று நினைத்து விட்டுவிடுவோம். அறிவியல் ஏட்டில் இது 1787-லேயே ஏறிவிட்டது. பெயரிட்டவர் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அவர் பார்த்து எழுதிய இந்தியப் பூச்சிகள் பலவும் அந்தக் கடற்கரையில் பிடித்துக் கப்பலேற்றப்பட்டவை.

இதன் கூட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நொச்சியிலோ காகிதப்பூக் கொடியிலோ, சுண்டுவிரல் பருமனுள்ள கொம்பு ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. அந்தக் கொம்பில் ஒரே ஓர் அடை தொங்கும். பெரும்பாலும் விரித்த கை அகலம், சில சமயம் அதைவிடக் கொஞ்சம் பெரிது. அடையின் உச்சி கொம்பைச் சுற்றி வளைத்துத் தடித்திருக்கும். தேன் இருப்பது அந்தத் தடிப்பில்தான். கொம்புக்குக் கீழே ஒரு பட்டையாக மகரந்தம். அதற்கும் கீழே வேலைக்காரத் தேனீக்களின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வளரும் சிற்றறைகள். பருவம் வந்தால் அடிவிளிம்பில் ஆண் தேனீக்களுக்குச் சற்றே அகலமான அறைகளும், ராணிகளை வளர்க்கக் கீழ்நோக்கித் தொங்கும் நீள அறைகளும் சேரும். இத்தனையும் வெட்டவெளியில். பொந்தோ பெட்டியோ எதுவும் இல்லை.

ஆனால் சாதாரணமாகப் பார்த்தால் அடையே கண்ணில் படாது. ஒரு கூட்டில் சில ஆயிரம் ஈக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி இரை தேடப் போவதில்லை. அடையின்மேல் பல அடுக்காகப் படர்ந்து திரையாகத் தொங்கும். தலை மேலே, வயிறு கீழே, ஒன்றின் சிறகு அடுத்ததன்மேல் என்று கூரை ஓடு வேய்ந்த மாதிரியான வரிசை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தண்ணீர் இந்தத் திரையில் வழிந்து கீழே சொட்டும். சித்திரை வெயிலில் சில ஈக்கள் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கும், மற்றவை சிறகால் விசிறும். குளிர்ந்த விடியலில் திரை நெருக்கமாகும். உள்ளே புழுக்களுக்கு எப்போதும் ஏறக்குறைய ஒரே சூடு. சுவர் இல்லாத வீட்டுக்கு இந்தத் திரைதான் சுவர்.

வெட்டவெளியில் கூடு வைத்தால் முதல் எதிரி எறும்பு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புக்குத் தேனும் வேண்டும், அதைவிடப் புழு வேண்டும். கொம்பு வழியாக வந்தால் தடுக்கக் கதவு கிடையாது. அதற்குக் கொம்புத் தேனீ கண்டுபிடித்திருக்கும் வழி அருமையானது. மரப்பிசினைச் சேகரித்து வந்து, அடைக்கு இரு பக்கமும் கொம்பைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பூசிவைக்கிறது. காய்ந்தால் ஒட்டும் தன்மை போய்விடும் என்பதால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பூசி முடித்த பட்டையில் எறும்பு கால் வைத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கூட்டைப் பார்க்கக் கிடைத்தால் முதலில் தேட வேண்டியது தேனை அல்ல, கொம்பின் இருபுறமும் பளபளக்கும் இந்தப் பிசின் வளையத்தைத்தான்.

எறும்பைவிடப் பெரிய எதிரி வந்தால்? 1982-ல் தாமஸ் சீலியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் தாய்லாந்துக் காட்டில் மூன்று வகைத் தேனீக்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் முறைகளை ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார்கள். மலைத்தேனீ எட்டாத உயரத்தில் கூடு வைத்து, நெருங்குபவரைக் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். அடுக்குத் தேனீ பொந்துக்குள் இருந்துகொண்டு வாசலைக் காக்கும். கொம்புத் தேனீயின் வழி வேறு: அடர்ந்த இலைகளுக்குள் மறைந்திரு, கண்டுபிடித்துவிட்டால் விட்டுவிட்டுப் போ. முதலில் எச்சரிக்கை உண்டு. ஓர் ஈ கீச்சென்று குரல் கொடுக்கும். அடுத்த நொடி கூடு முழுதும் சேர்ந்து ‘உஸ்’ என்று சீறும். திரையாகத் தொங்கும் ஈக்கள் ஒருசேர உடம்பை அசைக்கும். அதற்கும் எதிரி அடங்காமல் அடையைக் குலைத்தால் ராணியோடு மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்து, கொஞ்ச தூரத்தில் வேறொரு கொம்பைப் பிடிக்கும். கொடுக்கு இருக்கிறது, கொட்டினால் வலிக்கும். ஆனால் விரட்டி விரட்டிக் கொட்டும் பழக்கம் இதற்கு இல்லை.

புறநகரில் நடக்கும் பெரிய அநியாயம் இந்த வேறுபாடு தெரியாததால் வருவது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கும் மலைத்தேனீக் கூடு உண்மையிலேயே ஆபத்தானது. அதற்குத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே அச்சத்தில், இடுப்புயரச் செம்பருத்திச் செடியில் இருக்கும் உள்ளங்கை அகலக் கூட்டையும் தீப்பந்தம் காட்டிக் கொளுத்துகிறார்கள். இரண்டையும் பிரித்தறிய நிபுணர் வேண்டாம். தரையிலிருந்து கைக்கெட்டும் உயரம், மெல்லிய கொம்பு, ஒற்றைச் சிற்றடை, கொம்பை முழுதாகச் சுற்றிக்கொண்ட உச்சி, சிறிய செங்காவி ஈ: இவ்வளவும் இருந்தால் அது கொம்புத் தேனீ. தேனீ கொட்டினால் உடலுக்கு ஒவ்வாதவர்கள் மட்டும் விலகியிருந்தால் போதும்.

இந்தத் தேனீ அறிவியலுக்குக் கொடுத்த பெரிய கொடை அதன் ஆட்டம். பூ எங்கே இருக்கிறது என்பதைத் தேனீக்கள் ஆடிக் காட்டும் என்று விளக்கியவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஃபான் ஃபிரிஷ். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். ஐரோப்பியத் தேனீ பொந்தின் இருட்டில், செங்குத்தான அடையின்மேல் ஆடுகிறது. ‘மேலே’ என்றால் ‘சூரியன் இருக்கும் திசை’ என்பது அதன் ஏற்பாடு. சூரியனுக்கு எத்தனை பாகை விலகிப் போக வேண்டுமோ, அத்தனை பாகை செங்குத்திலிருந்து விலகி ஆடும். இருட்டில் இருக்கும் ஓர் உயிருக்கு இவ்வளவு சிக்கலான ஏற்பாடு எப்படி வந்தது? அதற்கு விடை தேடி ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950-களின் நடுவில் இலங்கைக்கு வந்தார். கொம்புத் தேனீயின் கூட்டில் அவர் பார்த்தது இதுதான்.

அடையின் உச்சி கொம்பைச் சுற்றித் தடித்திருக்கிறதல்லவா, அதன் மேற்பரப்பு ஏறக்குறைய தட்டையானது. பூவிலிருந்து திரும்பும் ஈ அங்கே இறங்குகிறது. தலைக்கு மேலே திறந்த வானம். பூ எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையையே நேராகப் பார்த்து, வயிற்றை இருபுறமும் ஆட்டியபடி ஓடுகிறது. திரும்பி வந்து மறுபடி அதே ஓட்டம். சுற்றி நிற்பவை அந்த ஓட்டத்தைத் தொடர்ந்து ஓடிப் பார்த்துவிட்டு அதே திசையில் பறந்துவிடுகின்றன. எவ்வளவு நேரம் வயிற்றை ஆட்டி ஓடுகிறதோ, அது தொலைவைச் சொல்லும். லிண்டவர் அந்த மேல்தளத்தைக் கிடைக்காமல் செய்து, செங்குத்தான பக்கங்களை மட்டும் விட்டுவைத்தபோது ஆட்டக்காரிகள் தடுமாறின. தட்டையான இடம் தேடி அலைந்தன. திசையை நேரடியாகச் சுட்டும் எளிய முறை முதலில் தோன்றி, பொந்துக்குள் குடிபோன இனங்கள் பிறகு அதைச் செங்குத்துக்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. இன்றிருக்கும் தேனீ இனங்களின் குடும்ப மரத்தில் முதலில் பிரிந்த கிளை இந்தச் சிறு தேனீக்களுடையது என்று மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. கொம்புத் தேனீயின் கூடு கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால், பள்ளிப் பிள்ளைகள்கூட இரண்டடி தள்ளி அசையாமல் நின்று இந்த ஆட்டத்தைப் பார்க்கலாம். ஒரு திசைகாட்டியும் கடிகாரமும் இருந்தால், ஊரில் எந்தப் பக்கத்து மரம் இன்று பூத்திருக்கிறது என்பதைத் தேனீயிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாடப் புத்தகத்தில் படம் பார்த்துப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆண் தேனீயின் பின்னங்காலில் கட்டைவிரல் மாதிரி ஒரு பிரிவு நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும் ராணியைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. வேறு பெரிய தேனீக்களின் ஆணுக்கு இந்த உறுப்பு கிடையாது. ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுவதால், ஒரே கூட்டில் பல தந்தை வழிச் சகோதரிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. பகைவர்கள் பட்டியலும் நீளமானது. மின்கம்பியில் காத்திருக்கும் பஞ்சுருட்டான், வேலியில் ஏறும் ஓணான், குளவிகள், மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சி. இந்தத் தேனீயையே நம்பி வாழும் ஓர் உண்ணிகூட உண்டு; ஆண் தேனீப் புழுக்கள் வளரும் அறைகளில் அது இனம்பெருக்கும்.

நிலையான ஊர் இதற்குக் கிடையாது. ஒரு கொம்பில் சில மாதம் இருக்கும். பூ குறைந்தாலோ, வெயில் நேராக விழுந்தாலோ, தொந்தரவு மிகுந்தாலோ கிளம்பிவிடும். வெயில் காலத்தில் நிழலான உட்கொம்பையும், பனிக் காலத்தில் வெயில் படும் கொம்பையும் நாடும். புது இடம் பக்கத்திலேயே என்றால் ஈக்கள் பழைய அடைக்குத் திரும்பி வந்து, மெழுகைச் சுரண்டிக் காலில் ஒட்டி எடுத்துப்போய்ப் புது அடைக்குச் சேர்க்கும். மெழுகு சுரக்க நிறையத் தேன் செலவாகும். அதை வீணாக்க இந்தத் தேனீக்கு மனம் வராது.

இப்படிக் கிளம்பிப் போகும் குணத்தால்தான் இதைப் பெட்டியில் வளர்க்க முடியவில்லை. அடுக்குத் தேனீக்குத் திருச்சி வட்டாரத்தில் பாதிரியார் நியூட்டன் 1910-களில் ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் புழங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேன் தொழிலுக்குப் பேர்போன ஊரானது அடுக்குத் தேனீயால்தான். 1991, 1992-ல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தபோது அந்தத் தொழில் நொறுங்கிப்போய், பிறகு மெல்ல மெல்ல எழுந்தது. கொம்புத் தேனீயை எந்தப் பெட்டிக்குள் வைத்தாலும் அது தங்காது. அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஆட ஒரு மேல்தளம் வேண்டும்.

ஆனாலும் ஒரு நாடு வழி கண்டிருக்கிறது. ஓமானில் கொம்புத் தேனீயின் அடையைப் பிளந்த பேரீச்ச மட்டைக்கு நடுவே பிடித்துக் கட்டி, வீட்டருகே நிழலான மாடத்தில் வைத்துக் காலங்காலமாக வளர்க்கிறார்கள். உச்சியில் உள்ள தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு, புழு இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டையில் இருத்திவிடுவார்கள். கூட்டம் பிழைத்துக்கொள்ளும், மறுபடி தேன் வைக்கும். குஜராத்தின் கட்ச் பகுதியில் புதர்க்காட்டுக் கொம்புத்தேன் பெயர் பெற்ற விளைபொருள். நம் பக்கத்தில் நடப்பது வேறு. கொம்போடு வெட்டி, ஈக்களைப் புகை போட்டுத் துரத்தி, புழுவும் மகரந்தமுமாகச் சேர்த்துப் பிழிந்துவிடுகிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் அரைக் கிலோகூடத் தேறாத தேன். அதற்கு விலை ஒரு தலைமுறைப் புழுக்கள். உச்சியை மட்டும் அறுத்தெடுக்கும் பொறுமை நம் தேன் எடுப்பவர்களுக்கும் வந்தால், அதே கூட்டில் மறுபடியும் எடுக்கலாம்.

உண்மையில் இந்தத் தேனீ தரும் பெரிய வருமானம் தேனில் இல்லை. கொத்தமல்லி, எள், வெங்காய விதைப்பயிர் போன்ற சிறு பூக்கள் உள்ள பயிர்களுக்கு இதன் சின்ன உடம்பு பொருத்தமாக அமைந்திருக்கிறது. கொல்லையில் துளசி, முருங்கை, பூசணி, எலுமிச்சை இருந்தால் தேடி வரும். புங்கமும் வேம்பும் பூக்கும் பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்குக் கொண்டாட்டம். மழைக்குப் பிறகு இலந்தை. வருடம் முழுக்க ஏதோ ஒரு மூலையில் பூக்கும் வெட்டுக்காயப் பூண்டும் துத்தியும். இரை தேடி வெகுதூரம் போகாது. சில நூறு மீட்டர் வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் வேலையை முடித்துக்கொள்ளும். ஆகவே பூவும் கொம்பும் அருகருகே இருக்க வேண்டும். எங்கோ தொலைவில் ஒரு பூங்கா வைத்துவிட்டு, ஊரில் இருக்கும் வேலியை எல்லாம் அழித்தால் அந்தப் பூங்கா இதற்கு உதவாது.

தன் சொந்த மண் அல்லாத கண்டத்திலும் இது ஊன்றி நின்றிருக்கிறது. 1985-ல் சூடான் தலைநகர் கார்ட்டூமில் கொம்புத் தேனீக் கூடுகளைக் கண்டார்கள். சரக்கோடு சரக்காக ஆசியாவிலிருந்து போய் இறங்கிய ஏதோ ஒரு கூட்டத்தின் சந்ததி. பிறகு எத்தியோப்பியாவிலும், ஜோர்டானின் அகாபா துறைமுகத்திலும் தென்பட்டது. பாலைவன நகரத்தின் தெருவோரச் செடியில்கூடப் பிழைக்கத் தெரிந்த உயிர் இது. அப்படிப்பட்டதும் ஓர் இடத்திலிருந்து மறைகிறது என்றால் அங்கே செடியே மிச்சமில்லை என்று பொருள்.

குத்தம்பாக்கத்துக்கு நிலத்துக்காக வாதாடிய வரலாறு உண்டு. 1996 முதல் பத்தாண்டு ஊராட்சித் தலைவராக இருந்த ரங்கசாமி இளங்கோ, கிராமம் தன் வளத்தைக் கொண்டு தானே நிற்க வேண்டும் என்று உழைத்ததால் ஊரின் பெயர் வெளியே பரவியது. ஊரின் மேய்க்கால் நிலத்தில் சென்னையின் குப்பையைக் கொண்டுவந்து சேர்க்கும் திட்டம் வந்தபோது, அருகில்தான் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது என்று சொல்லி ஊரார் எதிர்த்து நின்றார்கள். மேய்க்கால் என்பது மாட்டுக்கு மட்டும் உரியதாக ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. புதர்களும் சிறு பூண்டுகளும் அங்கே வளர்கின்றன. கொம்புத் தேனீயும் அந்த ஏட்டில் ஏறாத குடிதான். மனைப்பிரிவு போடும்போது பொக்லைன் முதல் நாளே வழித்துப்போடுவது இந்தப் புதர்களை. உயிர்வேலி இருந்த இடத்தில் ஹாலோ பிளாக் சுவர் எழுகிறது. சுவரில் கொம்பு ஏது?

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீர்நிலைகளை ஆக்கிரமிக்கும் அந்த மரத்தை அகற்ற நீதிமன்றமே உத்தரவிட்டது. ஏரிக்குள் அது நிற்கக் கூடாது என்பதில் மறுப்பில்லை. ஆனால் பல ஊர்களில் கொம்புத் தேனீக்கு இன்று கிடைக்கும் கூட்டிடமும், கோடையில் கிடைக்கும் பூவும் அந்த மரம்தான். வேரோடு பிடுங்கும் கையோடு அங்கே நொச்சியோ கிளுவையோ புங்கமோ வைத்தால் தேனீ இடம் மாறிக்கொள்ளும். வெறும் தரையாக விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான் என்பது வருத்தம்.

வீட்டு வேலியில் கூடு வந்துவிட்டால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அந்தக் கொம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கவாத்து செய்யலாம். கொசுமருந்துப் புகை அடிக்க வருபவரிடம் அந்த மூலையைத் தவிர்க்கச் சொல்லலாம்; வெட்டவெளிக் கூட்டுக்கு அந்தப் புகை நேராகப் போய்ச் சேரும். செடிக்குப் பூச்சிமருந்து அடித்தே தீர வேண்டுமென்றால் பூக்காத காலத்தில், பொழுது சாய்ந்தபின் அடிக்கலாம். அருகே தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் கோடையில் குடிக்க வரும். சில மாதத்தில் தானாகவே கிளம்பிவிடும். அது போனதும் வெற்று அடையை உடனே பிய்த்தெறியாமல் இரண்டு வாரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் புதுக் கூடு வைத்திருந்தால் ஈக்கள் மெழுகெடுக்க வந்து போகும்.